கட்டியவர் ஒருவர், பெறுபவர் ஒருவர்

முதலாம் குலோத்துங்க சோழனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அவன் வென்ற போர்களைப் பலரும் மறந்துவிட்டனர். வாங்காமல் விட்ட வரி மட்டும் ஒன்பது நூற்றாண்டுகளாகப் பெயரோடு ஒட்டி நிற்கிறது. வணிகம் செய்வோருக்கு நினைவாற்றல் அதிகம்.

இன்றைய அரசுகளால் சுங்கத்தை முற்றிலும் தவிர்க்க இயலாது. கருவூலத்துக்கு வருவாய் வேண்டும். உள்நாட்டு உழவரையும் தொழிலையும் வெளிநாட்டுச் சரக்கின் விலைப்போட்டியிலிருந்து காக்கவும் வேண்டும். அதே வேளையில் ஏற்றுமதியும் பெருக வேண்டும். மூலப்பொருளுக்கு வரி கட்டிய ஆலை, உலகச் சந்தையில் அவ்வரி கட்டாத போட்டியாளரோடு எப்படி விலையில் மோதும்? இந்தச் சிக்கலுக்கு உலக நாடுகள் கண்ட விடைதான், இறக்குமதியின்போது வாங்கிய வரியை, அந்தப் பொருள் உருமாறி நாட்டை விட்டு வெளியேறும்போது திருப்பித் தருவது. தமிழில் இதைச் 'சுங்கவரித் திருப்பளிப்பு' எனலாம். திண்டுக்கல் நூற்பாலைக் கணக்கர்களிடம் 'டூட்டி டிராபேக்' என்று சொன்னால்தான் உடனே புரியும்.

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், பழைய மாணவர்கள் சிலர் தங்கள் ஆலைக் கணக்குகளோடு என்னைக் காண வருவதுண்டு. வேடசந்தூர்ப் பக்கம் சிறு நூற்பாலை நடத்துவோரும், தோல் வணிகக் குடும்பத்தினரும் அவர்களில் உண்டு. அவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, பஞ்சு இறக்கியபோது வரி கட்டியது நாங்கள். டிராபேக் பணம் யாருக்குப் போகிறது?" இக்கேள்விக்கான விடையில் ஆலைகளின் இலாப நட்டம் மட்டுமின்றி, பருத்தி பயிரிடும் உழவர்களின் நலனும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். திருப்பளிப்பு என்பது மானியமன்று, அரசின் கொடையுமன்று. 1776-இல் வெளியான தமது 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித் இதற்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கினார். ஏற்றுமதியை ஊக்குவிக்க அரசுகள் கையாளும் வழிகளில் இதுவே மிக நியாயமானது என்பது அவர் கருத்து. மானியம், முதலீட்டை இயல்பாகச் செல்லாத தொழிலுக்குத் தள்ளிவிடும். திருப்பளிப்போ, வரியால் விரட்டப்படவிருந்த முதலீட்டை அது இருந்த இடத்திலேயே இருக்க விடுகிறது. அவ்வளவே.

அமெரிக்கா 1789-இல் தனது முதல் சுங்கச் சட்டத்தை இயற்றியபோதே, மறு ஏற்றுமதியாகும் சரக்குக்கு வாங்கிய வரியில் ஒரு விழுக்காடு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வழி செய்தது. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம், மறு ஏற்றுமதிக்கு எட்டில் ஏழு பங்கு வரியைத் திருப்பித் தந்தது. இப்போது நடைமுறையில் உள்ள 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இதை இரு பிரிவுகளாக வகுக்கிறது. இறக்குமதி செய்த பொருளை உருமாற்றாமல், பயன்படுத்தாமல், இரண்டு ஆண்டுகளுக்குள் அப்படியே திருப்பி அனுப்பினால் 98 விழுக்காடு வரி திரும்பும். இது 74-ஆவது பிரிவு. இறக்குமதி செய்த மூலப்பொருளைக் கொண்டு வேறு பொருள் உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்தால், அம்மூலப்பொருளுக்குக் கட்டிய வரி திரும்பும்; இது 75-ஆவது பிரிவு. திண்டுக்கல்லுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

2025-இல் பலர் மனத்தில் எழுந்த ஓர் ஐயத்துக்கும் இங்கே விடை சொல்ல வேண்டும். அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை ஆகஸ்ட் 27 முதல் 50 விழுக்காடாக உயர்த்தியபோது, 'அந்த வரியை டிராபேக் மூலம் திரும்பப் பெற முடியாதா?' என்று கேட்டனர். முடியாது. அந்த வரியை வாங்குவது அமெரிக்க அரசு; கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். நம் அரசு வாங்கிய வரியைத்தான் நம் அரசு திருப்பித் தர முடியும். ஆயினும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. வெளிநாட்டில் விலை நெருக்கடி முற்றும்போது, உள்நாட்டில் சிக்கிக் கிடக்கும் ஒவ்வொரு ரூபாயும் முக்கியமாகிறது.

திண்டுக்கல் தொழில்களில் வெளிநாட்டு மூலப்பொருள் நுழைந்தது நேற்று நடந்ததன்று. சென்னை மாகாணத்துத் தோல் பதனிடுவோர் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையையும் கொன்றைப் பட்டையையும் கடுக்காயையும் நம்பியே தொழில் செய்தனர். இந்தச் சமவெளியின் தரிசுகளிலும் பாதையோரங்களிலும் பூத்துக் கிடக்கும் ஆவாரைதான் அதற்கு ஆதாரம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை கப்பலேறி வந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. பின்னர் குரோமிய உப்புகள், சாயங்கள், தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவைகள் என்று பட்டியல் நீண்டது. தோல் உள்ளூர், அதைப் பதப்படுத்தும் பொருள்களில் பல, கடல் கடந்தவை. அவற்றின் விலைக்குள் சுங்கவரியும் ஒளிந்திருக்கிறது.

தோல் துறையில் அண்மையில் நிகழ்ந்த மாற்றம் ஒன்று நம் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 'வெட் புளூ' எனப்படும், குரோமியத்தில் முதற்கட்டப் பதம் செய்யப்பட்ட தோலின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்டிருந்த அடிப்படைச் சுங்கவரியை 2025-26 நிதிநிலை அறிக்கை முழுவதுமாக நீக்கியது. கிரஸ்ட் தோலின் ஏற்றுமதி மீதிருந்த 20 விழுக்காடு வரியும் நீக்கப்பட்டது. வரியே இல்லாதபோது திருப்பளிப்புக்கு அலைய வேண்டிய தேவையும் இல்லை. வாங்கித் திருப்பித் தருவதைவிட வாங்காமலிருப்பது எளிது என்பது உண்மை. ஆனால், எல்லாப் பொருளுக்கும் அந்த எளிய வழி பொருந்தாது. பருத்தி அதற்குச் சான்று.

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வரை நெடுஞ்சாலையின் இருபுறமும் நிற்கும் நூற்பாலைகளே இம்மாவட்டத்தின் பெரிய தொழில். இவற்றில் நூற்கப்படும் நூல் கரூருக்கும் திருப்பூருக்கும் செல்கிறது. ஒரு பகுதி கொள்கலன்களில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நேரே போகிறது. இந்திய ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே கிடைக்கிறது. இருப்பினும், மிக நீண்ட இழைப் பஞ்சும், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் குறிப்பிட்டுக் கேட்கும் தூய்மையான பஞ்சும் அமெரிக்கா, எகிப்து, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

2021 பிப்ரவரி வரை பஞ்சு இறக்குமதிக்கு வரி இல்லை. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 5 விழுக்காடு அடிப்படைச் சுங்கவரியும், 5 விழுக்காடு வேளாண் உட்கட்டமைப்பு வளர்ச்சித் தீர்வையும் விதிக்கப்பட்டன. இவற்றின் மீதான சமூக நலக் கூடுதல் வரியையும் சேர்த்தால் மொத்தம் 11 விழுக்காடு. நூல் விலை உச்சத்தை எட்டியபோது 2022 ஏப்ரல் 14 முதல் அக்டோபர் 31 வரை அந்த வரிக்கு விலக்கு தரப்பட்டது. 2024 பிப்ரவரியில் மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு மட்டும் விலக்கு வந்தது. அமெரிக்க வரி உயர்வின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை எல்லாப் பஞ்சுக்கும் மீண்டும் விலக்கு. அது பின்னர் டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் வரி வந்தது, போனது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது.

ஒவ்வொரு முறையும் மேடை ஒன்றுதான், வசனங்களும் அவையேதான். ஆலை உரிமையாளர்கள் வரியை நீக்கச் சொல்கிறார்கள். விவசாய அமைப்புகள் நீக்கக் கூடாது என்கின்றன. இரு தரப்பும் சொல்வதில் நியாயம் உண்டு. அறுவடைக் காலத்தில் மலிவான வெளிநாட்டுப் பஞ்சு வந்து இறங்கினால் உழவரின் விலை விழும். வரியோடு பஞ்சு வாங்கினால் ஏற்றுமதி ஆலையின் விலை எடுபடாது. இந்த இரு நியாயங்களையும் ஒருசேரக் காக்கும் கருவி ஒன்று சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் திருப்பளிப்பு. உள்நாட்டில் விற்கும் நூலுக்கான பஞ்சின் மீது வரி நிலைக்கும், உழவருக்குப் பாதுகாப்பு. ஏற்றுமதியாகும் நூலுக்கான பஞ்சின் வரி மட்டும் திரும்பிவிடும், ஆலைக்கு நிம்மதி. அக்கருவி சரியாக இயங்கியிருந்தால் வரியை நீக்கு, நீக்காதே என்ற சண்டைக்கே பெருமளவு இடமிருந்திருக்காது.

அப்படியானால் அது ஏன் சரியாக இயங்கவில்லை? விடை, பணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது.

திருப்பளிப்பு இரு வழிகளில் தரப்படுகிறது. ஒன்று, அனைத்துத் தொழில் விகிதம். ஒவ்வொரு ஏற்றுமதிப் பொருளிலும் சராசரியாக எவ்வளவு சுங்கவரி அடங்கியிருக்கும் என்று மத்திய அரசு மதிப்பிட்டு, கப்பலேறும்போதுள்ள மதிப்பில் இத்தனை விழுக்காடு என அட்டவணை வெளியிடுகிறது. பல பொருள்களுக்கு, கிலோவுக்கோ எண்ணிக்கைக்கோ இவ்வளவு ரூபாய்க்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பும் உண்டு. ஏற்றுமதியாளர் தாம் கட்டிய வரிக்கு இரசீது காட்ட வேண்டியதில்லை. ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகிவிடும். எளிமைதான் இதன் பெருமை.

மற்றொன்று, தனிப்பட்ட விகிதம். வணிகர் வழக்கில் 'பிராண்ட் ரேட்'. அட்டவணையில் விகிதமே இல்லாத பொருளுக்கும், அட்டவணை தரும் தொகை தாம் உண்மையில் கட்டிய வரியில் 80 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்ட முடிந்தவருக்கும் இவ்வழி திறந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் திருப்பளிப்பு விதிகளில் 6, 7-ஆவது விதிகள் இவை. மூன்று மாதங்களுக்குள், ஏற்றுமதி நடந்த இடத்தின் சுங்க ஆணையரிடம் உரிய ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓர் ஆலை ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள பஞ்சை இறக்குமதி செய்து 11 இலட்சம் வரி கட்டுகிறது. அதில் நூற்ற நூலை 1.60 கோடிக்கு ஏற்றுமதி செய்கிறது. அட்டவணை விகிதம் 2 விழுக்காடு என்று கொண்டால், திரும்பக் கிடைப்பது 3.20 இலட்சம். கட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 7.80 இலட்சம் ஆலையின் தலையில் விழுகிறது. அதே நேரத்தில், முழுவதும் உள்நாட்டுப் பஞ்சில் நூற்ற பக்கத்து ஆலை அதே மதிப்புக்கு ஏற்றுமதி செய்தால், அதற்கும் அதே 3.20 இலட்சம் கிடைக்கும். சராசரி என்பதன் இயல்பு அது. ஆற்றின் சராசரி ஆழம் மூன்று அடி என்று நம்பி இறங்கியவன் நடு ஆற்றில் மூழ்கிய கதைதான்.

சராசரி தாழ்ந்திருப்பதற்குக் காரணம், நாட்டின் நூற்பாலைகளில் பெரும்பாலானவை உள்நாட்டுப் பஞ்சையே பயன்படுத்துவதுதான். அதில் தவறில்லை. ஆனால் சராசரி பழையதாகவும் இருந்துவிட்டால் துன்பம் இரட்டிப்பாகிறது. முழுமையான அட்டவணை ஒன்று 2020 பிப்ரவரி 4 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கடுத்த முழு அட்டவணை 2023 அக்டோபர் 30 அன்றுதான் வந்தது. பஞ்சுக்கு வரி விதிக்கப்பட்டது இவ்விரண்டுக்கும் இடையே, 2021-இல். வரி ஒரே இரவில் மாறுகிறது. அதைத் திருப்பித் தரும் அட்டவணை ஆண்டுக்கணக்கில் நகர்கிறது.

இந்த நிலையில் நம் ஆலை என்ன செய்ய வேண்டும்? பிராண்ட் ரேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 3.20 இலட்சம், 11 இலட்சத்தில் 29 விழுக்காடு. 80 விழுக்காடு என்ற வரம்புக்கு மிகக் கீழே. எனவே தகுதி உண்டு. ஆனால் எந்த பில் ஆஃப் என்ட்ரியில் வந்த பஞ்சு, எந்த நாளில் கலவையில் சேர்ந்து, எவ்வளவு கழிவு போக, எந்த ஷிப்பிங் பில்லில் நூலாகப் போனது என்று காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான கதிர்களோடு, தனி ஏற்றுமதிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இது இயலும். முதலாளியே கணக்கராகவும் மேலாளராகவும் இருக்கும் சிறிய ஆலைக்கு, இது இன்னொரு தொழில் நடத்துவதைப் போன்றது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. சிறிய ஆலைகள் பெரும்பாலும் தாமே இறக்குமதி செய்வதில்லை. இறக்குமதி செய்த வணிகரிடமிருந்து பத்து இருபது பொதியாக வாங்குகின்றன. வரி, வாங்கும் விலைக்குள் கரைந்துவிடுகிறது. பில் ஆஃப் என்ட்ரி வேறொருவர் பெயரில் இருக்கிறது. அவ்வாறே அவை நேரடியாக ஏற்றுமதி செய்வதும் குறைவு. நூலைக் கரூர் நெசவு ஏற்றுமதியாளரோ வணிக ஏற்றுமதியாளரோ வாங்கிக்கொள்கிறார். ஷிப்பிங் பில் அவர் பெயரில். திருப்பளிப்பு அவருடைய வங்கிக் கணக்கில்.

இங்கேதான் என் மாணவர்களின் கேள்விக்கு விடை. சட்டம் பணத்தைத் தருவது ஏற்றுமதி செய்பவருக்கு. வரியின் சுமையைத் தாங்கியவருக்கு அன்று. கொள்கையளவில் இது பிழையாகாது. போட்டி நிறைந்த சந்தையில், ஏற்றுமதியாளர் தமக்கு வரவிருக்கும் தொகையைக் கணக்கில் கொண்டு நூலுக்குச் சற்றுக் கூடுதல் விலை தருவார் என்பது பொருளாதாரப் பாடம். அப்பாடத்தில் ஒரு நிபந்தனை உண்டு: விற்பவருக்கும் பேரம் பேசும் வலு இருக்க வேண்டும். நூல் தேங்கிக் கிடக்கும் மாதத்தில், வங்கித் தவணை கழுத்தை நெரிக்கும்போது, வாங்குவோர் பத்துப் பேரும் விற்போர் நூறு பேருமாக இருக்கும் சந்தையில் அந்த வலு யாரிடம் இருக்கும் என்பதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை.

காலமும் ஒரு விலைதான். திருப்பளிப்புத் தொகையை உரிமை கோரிய ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் அரசு வட்டி தர வேண்டும் என்று 75-ஏ பிரிவு கூறுகிறது. அந்த வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு. மாறாக, ஏற்றுமதியாளருக்குத் தவறாகவோ கூடுதலாகவோ தரப்பட்ட தொகையைத் திருப்பிச் செலுத்த நேர்ந்தால், அவர் கட்ட வேண்டிய வட்டி 15 விழுக்காடு. ஒரே பணம், அரசின் கையில் தங்கினால் ஒரு விலை, தொழில்முனைவோர் கையில் தங்கினால் வேறொரு விலை. இந்தச் சமமின்மையை நியாயப்படுத்தும் பொருளாதாரக் கோட்பாடு எதையும் நான் அறிந்ததில்லை.

நடைமுறை மேம்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது. 2024 ஜூன் முதல், திருப்பளிப்புத் தொகை மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்பு வழியாக ஏற்றுமதியாளர் கணக்கில் நேரடியாகச் சேர்கிறது. காசோலைக்கு அலைந்த காலம் போய்விட்டது. ஆயினும், கப்பல் நிறுவனம் தாக்கல் செய்யும் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலில் கொள்கலன் எண்ணோ எடையோ பிழைபட்டால், உரிமைக்கோரல் அங்கேயே நின்றுவிடும். பிழை செய்தவர் ஒருவர், காத்திருப்பவர் வேறொருவர். அனுப்பிய சரக்குக்கு வெளிநாட்டுப் பணம் ரிசர்வ் வங்கி அனுமதித்த காலத்துக்குள் வராவிட்டால், பெற்ற திருப்பளிப்பையும் திரும்பக் கட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்துவது நல்லது. ஏற்றுமதியாளருக்குத் திரும்பும் பணம் எல்லாமே டிராபேக் அன்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பின்னர், டிராபேக் பெரும்பாலும் சுங்கவரியை மட்டுமே ஈடு செய்கிறது. பஞ்சு இறக்குமதியில் கட்டும் ஐ.ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவாகவோ தனியான திருப்பித் தரலாகவோ கிடைக்கும். மின்சாரத் தீர்வை, டீசல் மீதான வரி போன்ற, வேறெங்கும் ஈடு செய்யப்படாத சுமைகளுக்கு, 2021 ஜனவரி முதல் 'ரோடெப்' திட்டம் உள்ளது. ஆயத்த ஆடைக்கும், படுக்கை விரிப்பு, துண்டு போன்ற தைத்த துணிப்பொருள்களுக்கும் 2019 மார்ச் முதல் தனித் திட்டம். இவ்விரண்டும் ரொக்கமாக வருவதில்லை. சுங்கவரி கட்டப் பயன்படும், பிறருக்கு விற்கவும் கூடிய மின்னணுச் சீட்டுகளாக வருகின்றன. தமக்கு வர வேண்டியது எது என்று தெரியாத ஆலைக்கு, எது வரவில்லை என்பதும் தெரியாது.

'இவ்வளவு சிக்கல் எதற்கு? அட்டவணை விகிதத்தைத் தாராளமாக உயர்த்திவிட்டால் என்ன?' என்று கேட்போர் உண்டு. அது ஆபத்தான வழி. உலக வர்த்தக அமைப்பின் மானியங்கள் குறித்த ஒப்பந்தம், ஏற்றுமதிப் பொருளில் செலவான உள்ளீடுகளுக்குக் கட்டிய வரியை, இயல்பான கழிவையும் சேர்த்து, திருப்பித் தர அனுமதிக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் தந்தாலும் அது ஏற்றுமதி மானியம், தடை செய்யப்பட்டது. இந்தியப் படுக்கை விரிப்புகள் மீது 2004-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈடுகட்டும் வரி விதித்த வரலாற்றைக் கரூர் மறந்திருக்காது. வணிகப் பொருள் ஏற்றுமதி ஊக்கத் திட்டம் உள்ளிட்ட நமது திட்டங்கள் சில, விதிகளுக்கு முரணான மானியங்களே என 2019 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு தீர்ப்பளித்தது. நமது டிராபேக் முறையில், எந்த உள்ளீடு எவ்வளவு செலவானது என்று சரிபார்க்கும் ஏற்பாடு போதாது என்ற வாதத்தை, உறைய வைத்த இறால் உள்ளிட்ட பொருள்கள் மீதான விசாரணைகளில் அமெரிக்கா முன்வைத்திருக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது கூடுதல் தாராளமன்று, கூடுதல் துல்லியம்.

துல்லியத்துக்கு என்ன வழி? ஆலைகள் தாமே செய்யக்கூடியவை சில உண்டு.

நேரடியாக ஏற்றுமதி செய்யும் ஆலைகள், வெளிநாட்டுப் பஞ்சில் நூற்கும் ஏற்றுமதி ஆணைகளுக்கு 'அட்வான்ஸ் ஆதரைசேஷன்' எனும் முன் அனுமதியை நாடலாம். வரி கட்டாமலே பஞ்சை இறக்கி, 18 மாதங்களுக்குள் நூலாக ஏற்றுமதி செய்ய வேண்டும். குறைந்தது 15 விழுக்காடு மதிப்புக் கூட்டல் வேண்டும். இதற்கான மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. இவ்வழியில் சென்றால் அதே சரக்குக்கு அட்டவணை விகிதத்தில் டிராபேக் கிடையாது என்பதை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரி கட்டி இறக்கிய பஞ்சுக்குத் தனிக் கணக்கு எழுதும் பழக்கம் வேண்டும். வெளிநாட்டுப் பஞ்சை உள்நாட்டுப் பஞ்சோடு கலக்கும் ஒவ்வொரு கலவைக்கும் ஒரு பதிவேடு இருந்தால், பிராண்ட் ரேட் விண்ணப்பம் மலையாகத் தோன்றாது. மூன்று மாதக் கெடுவை நாள்காட்டியில் குறித்துக்கொள்வதும் அவசியம்.

பிறர் வழியாக ஏற்றுமதி செய்வோர், நூல் விற்பனை ஒப்பந்தத்திலேயே திருப்பளிப்பு யாருக்கு, எந்தப் பங்கு என்று எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் வணிகம் நம் ஊரின் பெருமைதான். ஆனால் சுங்க அலுவலகத்தில் செல்லுபடியாவது தாளில் எழுதிய சொல். வாங்குபவர் முன் அனுமதி பெற்றவராக இருந்தால், அவருக்குத் தரும் நூல் 'ஏற்றுமதியாகக் கருதப்படும் வழங்கல்' ஆகலாம். அதற்கான சலுகைகளை வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் 7-ஆம் அத்தியாயம் பட்டியலிடுகிறது. இந்த அத்தியாயத்தைச் சிறிய ஆலைகள் பக்கம் புரட்டியாவது பார்க்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை வேறு. பஞ்சு போன்ற முக்கிய உள்ளீட்டின் வரி மாறும் ஒவ்வொரு முறையும், அதைச் சார்ந்த ஏற்றுமதிப் பொருள்களின் அட்டவணை விகிதமும் உடன் மாற வேண்டும். ஆண்டு ஆய்வுக்குக் காத்திருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பஞ்சில் நூற்றதற்கும் உள்நாட்டுப் பஞ்சில் நூற்றதற்கும் அட்டவணையில் தனித்தனி வரிசை தரலாம். ஒன்றின் இழப்பு மற்றொன்றின் ஆதாயமாவது நிற்கும். சராசரியைக் கணக்கிடத் தரவு திரட்டும்போது, ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகங்களின் பெரிய உறுப்பினர்களோடு நில்லாமல், வேடசந்தூர் அளவிலுள்ள ஆலைகளின் கணக்குகளையும் சேர்க்க வேண்டும். தாமதத்துக்கு அரசு தரும் வட்டியும், பிழைக்கு அரசு வாங்கும் வட்டியும் ஒன்றாக்கப்பட வேண்டும்.

இறுதியாக ஒன்று. உலக வர்த்தக அமைப்பு, 'பதிலீட்டுத் திருப்பளிப்பு' என்ற முறையையும் ஏற்கிறது. அதாவது, வரி கட்டி இறக்கிய பஞ்சையே நூற்று அனுப்ப வேண்டும் என்பதில்லை. அதே தரமும் அதே அளவும் கொண்ட உள்நாட்டுப் பஞ்சில் நூற்று, இரண்டு ஆண்டுகளுக்கு மிகாத காலத்துக்குள் ஏற்றுமதி செய்தாலும் அந்த வரியைத் திரும்பப் பெறலாம். அமெரிக்கா இதைக் கையாள்கிறது. கதிருக்குள் போன இழை எந்த நாட்டினது என்று துரத்தித் துரத்திக் கணக்கெழுதும் சுமையை இது குறைக்கும். உள்நாட்டுப் பஞ்சு வாங்குவதற்கும் ஊக்கம் தரும். ஒரு வட்டாரத்துச் சிறிய ஆலைகள் கூட்டாக இறக்குமதி செய்து, கூட்டாகக் கணக்கு வைத்து, இந்த உரிமையைப் பயன்படுத்த விதிகளில் இடமளித்தால், திண்டுக்கல் போன்ற மாவட்டங்களுக்கு அது பெரும் உதவியாக இருக்கும்.

பஞ்சு வரி குறித்த விவாதம் இனியும் வரும். அடுத்த முறை 'வரி வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்பதற்கு முன்னர், வாங்கிய வரி உரியவர்களுக்கு ஒழுங்காகத் திரும்பியதா என்று கேட்போம். அது திரும்பும் வழி சீரானால், வரியை நீக்கு என்று ஆலை கதற வேண்டியதில்லை. நீக்கிவிடுவார்களோ என்று உழவர் அஞ்ச வேண்டியதும் இல்லை. சுங்கத்தைத் தவிர்த்த மன்னனின் பெயர் ஒன்பது நூற்றாண்டுகள் நிற்கிறது. வாங்கிய சுங்கத்தை உரியவரிடமே, உரிய காலத்தில் சேர்ப்பிக்கும் அரசையும் வணிகர்கள் மறக்க மாட்டார்கள்.